கம்பியா, கம்பெனியா? செந்தூல் மாடிவீட்டு இணைய வேகம் பற்றி ஒரு பதில்

செந்தூலில் ஒரு பழைய கொன்டோவில் 15ஆவது மாடியில் குடியிருப்பவர் கேட்ட கேள்வி இது. கட்டடம் வரை ஃபைபர் வந்திருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு வருவது பழைய தொலைபேசிக் கம்பி. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார், ஸ்பீட் டெஸ்டில் 40ஐத் தாண்டுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, கம்பெனியை மாற்றிவிடு என்கிறார். நிபோங் தெபாலில் அப்பா வீட்டில் முன்பு 4 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் ஒன்றரைக்கு மேல் வந்ததே இல்லையாம். எக்ஸ்சேஞ், அதாவது ஊர்த் தொலைபேசிக் கம்பிகளெல்லாம் போய்ச் சேரும் நிலையம், தூரம் என்று காரணம் சொன்னார்களாம். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) சித்தப்பா வீட்டில் 8 வந்ததாம். எனக்கும் அதே தூரப் பிரச்சினைதானா, கம்பெனியை மாற்றினால் சரியாகுமா என்று கேட்கிறார்.

அப்பா வீட்டுக்குச் சொன்ன காரணம் உண்மையாகத்தான் இருந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு அது அநேகமாகப் பொருந்தாது. கம்பெனியை மாற்றுவது இரண்டே நிலைமைகளில் பலன் தரும்: புதிய கம்பெனி வீட்டுக்குள் வேறு கம்பி கொண்டுவர வேண்டும், அல்லது இப்போதைய அடைப்பு உங்கள் கட்டடத்தைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மாறினால் பில்லில் இருக்கும் பெயர்தான் மாறும். எந்த நிலைமை உங்களுடையது என்பதை வீட்டிலிருந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் தூரம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் டெக்னிஷியன் சொல்வதில் எது சரி, எது சாக்கு என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

டிஎஸ்எல் என்பது பேச்சுக்காகப் போட்ட ஒரு ஜோடிச் செம்புக் கம்பியில் இணையத்தையும் ஓட்டும் உத்தி. மனிதக் குரலுக்கு அந்தக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேலே காலியாகக் கிடக்கும் அதிர்வெண்களை எடுத்து, 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னச் சின்னத் தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தகவலை ஏற்றி அனுப்புகிறது. முதலில் வந்த ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போனது, 256 தடங்கள். ஏடிஎஸ்எல்2+ அதை 2.2 மெகாஹெர்ட்ஸுக்கு நீட்டி 512 தடங்கள் ஆக்கியது. உங்கள் கொன்டோ போன்ற கட்டடங்களில் ஓடும் விடிஎஸ்எல்2 பெரும்பாலும் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், 4,096 தடங்கள். ஒவ்வொரு தடமும் நொடிக்கு 4,000 தடவை தகவல் சுமக்கும், தடவைக்கு அதிகபட்சம் 15 பிட்.

அந்த 15 பிட்டையும் ஒரு தடம் சுமக்குமா என்பது, அங்கே சிக்னல் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவான டெசிபெல்லில் ஏறத்தாழ 3 இறங்கினால் ஒரு பிட் போய்விடும். கேட்க அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏடிஎஸ்எல்2+ இல் கீழிறக்கத்துக்கு 480 தடங்கள் வேலை செய்கின்றன என்றால், எல்லாவற்றிலும் ஒரு பிட் போனாலே நொடிக்கு கிட்டத்தட்ட 1.9 மெகாபிட் நஷ்டம். வீட்டுக்குள் ஒரு துருப்பிடித்த இணைப்பு 3 டெசிபெல் தின்றாலும் அதே நஷ்டம்தான்.

கம்பி நீள நீள சிக்னல் இறங்கிக்கொண்டே போகும், அது இயற்கை. ஆனால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. அதிர்வெண் நான்கு மடங்கானால் டெசிபெல் கணக்கில் இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதனால் தூரத்து வீட்டுக்கு முதலில் சாவது மேல்தடங்கள். விடிஎஸ்எல்லின் பெரிய வேகம் எல்லாம் அந்த மேல்தடங்களில்தான் இருக்கிறது. 300 மீட்டருக்குள் 80, 100 என்று ஓடும் விடிஎஸ்எல் ஒரு கிலோமீட்டரில் 30 சொச்சத்துக்கு இறங்குவதும், ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டினால் பழைய ஏடிஎஸ்எல்2+ க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போவதும் இதனால்தான்.

இப்போது அப்பா வீட்டுக்கு வருவோம். மோடத்தின் நிலவரப் பக்கத்தில் லைன் அட்டெனுவேஷன் என்று ஓர் எண் இருக்கும்; சிக்னல் வழியில் எவ்வளவு இழந்தது என்பது அது. லைன்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்குப்படி ஏடிஎஸ்எல் கம்பியில் கிலோமீட்டருக்கு 13.8 டெசிபெல் வரை போகும். 2 கிலோமீட்டரில் 28. 3 கிலோமீட்டரில் 41. நாலரைக் கிலோமீட்டரில் 62. ஏடிஎஸ்எல்2+ ஒரு கிலோமீட்டருக்குள் 20 எம்பிபிஎஸ்ஸைத் தொடும், மூன்றில் 8 அளவுக்கு வரும், நான்கில் 4, ஐந்தில் ஒன்று இரண்டு கிடைத்தால் நல்லது. 60 டெசிபெல்லுக்கு மேல் போன லைனில் ஒன்றரை எம்பிபிஎஸ் நிலையாக நின்றதே லைன் போட்டவரின் கைத்திறன் என்பேன்.

இதில் பலரும் ஏமாறுவது வரைபடத்தைப் பார்த்துத்தான். எக்ஸ்சேஞ் இரண்டே கிலோமீட்டர் என்பார்கள். கம்பி பறவை மாதிரி நேராகப் போகாது. சாலையோரமாகப் போய், வாய்க்காலைச் சுற்றி, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தாவி, தாமானின் பின்வாசல் வழியாக உள்ளே வரும். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்றரைக் கிலோமீட்டர் கம்பி என்பது சாதாரணம். பக்கத்துத் தாமானில் இருக்கும் சித்தப்பா வீட்டில் 8 வந்தபோது அப்பா வீட்டில் ஒன்றரை வந்ததற்கும் இதுதான் விளக்கமாக இருக்கும்: இருவருக்கும் ஊர் ஒன்று, தெருப்பெட்டி வேறு. செபராங் பிறை தெற்கில் தோட்டப்புறம் ஒட்டிய வீடுகளுக்கு இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, கம்பி நெடுந்தூரம் போயாக வேண்டும். அதோடு மழைநீர் இறங்கிய இணைப்புகளும், செம்புத் திருட்டுக்குப் பிறகு துண்டு போட்டு ஒட்டிய கேபிளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ஒட்டும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும்.

அந்த லைனில் 4 எம்பிபிஎஸ் திட்டத்தை விற்றிருக்கவே கூடாது. ஒரு லைன் எவ்வளவு தாங்கும் என்பது இணைப்புக் கொடுத்த அன்றே அவர்கள் திரையில் தெரியும். விளம்பரத்தில் ‘வரை’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, வராத வேகத்துக்கு வருடக்கணக்கில் பணம் வாங்குவதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன். வயதானவர்கள் வீட்டில் இது அதிகம் நடந்தது, அவர்கள் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கமாட்டார்கள் என்பதால்.

சரி, செந்தூலுக்கு வருவோம்.

உங்கள் கட்டடத்தில் ஃபைபர் கீழே டெலிகோம் அறையில் முடிகிறது. அங்கே ஒரு விடிஎஸ்எல் பெட்டி. அதிலிருந்து ரைசர் (மாடிகளுக்குக் கேபிள் ஏறும் செங்குத்துச் சந்து) வழியாக ஒரு ஜோடிக் கம்பி உங்கள் மாடிக்கு ஏறுகிறது. மாடிக்கு 3 மீட்டர் என்றால் 15 மாடிக்கு 45 மீட்டர். கீழே அறையிலிருந்து ரைசர் வரை, மேலே வராந்தா வழியாக உங்கள் வாசல் வரை, அப்புறம் வீட்டுக்குள் சாக்கெட் வரை என்று தாராளமாகச் சேர்த்தாலும் 150 மீட்டரைத் தாண்டாது. நாலைந்து பிளாக்குக்கும் சேர்த்து ஒரே டெலிகோம் அறை என்றால் 300 வரை போகலாம். அந்தத் தூரத்தில் நல்ல கம்பியாக இருந்தால் விடிஎஸ்எல் 100க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே யாராவது ‘மாடி உயரம், அதனால்தான்’ என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 5ஆவது மாடிக்கும் 15ஆவது மாடிக்கும் வித்தியாசம் 30 மீட்டர். அது உங்கள் 60 எம்பிபிஎஸ்ஸைத் தின்னாது.

உண்மையைச் சொன்னால், 40 என்ற அந்த எண்ணே எனக்கு வேறு சந்தேகத்தைத் தருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒற்றை ஆன்டெனா உள்ள ஒரு கைப்பேசி 72 எம்பிபிஎஸ் இணைப்பில் நிற்கும். கையில் கிடைப்பது 40, 45. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே மூன்று. கொன்டோவில் உங்களுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் எத்தனை ரௌட்டர்கள் இருக்கின்றன என்று கைப்பேசியின் வைஃபை பட்டியலைத் திறந்தால் தெரியும். அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் முதல் வேலை: மடிக்கணினியை நெட்வொர்க் கேபிளால் நேராக மோடத்தில் செருகிச் சோதியுங்கள். 92, 95 என்று வந்தால் பிரச்சினை வைஃபையில்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ரௌட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே வையுங்கள், கம்பெனியோடு சண்டை தேவையில்லை. 100 திட்டத்தில் முழு 100 வராதது குறையல்ல. ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் முகவரி எழுத இடம் போகிறது. பழைய ஏடிஎஸ்எல்லில் 53 பைட் பொட்டலத்தில் 5 பைட் தலைப்புக்கே போய்விடும், அதனால் 8 இல் இணைந்த லைன் 7க்குக் கீழேதான் காட்டும்.

கேபிளிலும் 40தான் என்றால் மோடத்தின் பக்கத்தைத் திறக்க வேண்டும். உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1, மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். டிஎஸ்எல் நிலவரம் என்ற பகுதிக்குப் போங்கள். மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள்: இப்போதைய இணைப்பு வேகம், அடையக்கூடிய அதிகபட்ச வேகம், எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைச் சமாளிக்க சிக்னலுக்கு இருக்கும் மிச்சம், டெசிபெல்லில்). இந்த மூன்றையும் காலை ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை எழுதி, பக்கத்திலேயே ஸ்பீட் டெஸ்ட் முடிவையும் எழுதுங்கள். கம்பியா கம்பெனியா என்ற கேள்விக்கு இந்தத் தாள்தான் பதில்.

இணைப்பு வேகம் இரவும் பகலும் 100க்குப் பக்கத்தில் நின்று, ஸ்பீட் டெஸ்ட் மட்டும் இரவில் 40க்கு விழுந்தால் உங்கள் கம்பிக்கு ஒரு குறையும் இல்லை. அடைப்பு கட்டடத்துப் பெட்டிக்கு அந்தப் பக்கம்: பெட்டியிலிருந்து போகும் பொது வழியிலோ, கம்பெனியின் வலைப்பின்னலிலோ. வேலை முடிந்து வீடு திரும்பிய எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்காரும்போது அது நிரம்புகிறது. இங்கே கம்பெனியை மாற்றுவதற்கு அர்த்தம் உண்டு.

இணைப்பு வேகமே 40, அடையக்கூடிய வேகம் 110 என்று காட்டினால் கம்பி தாங்குகிறது, ஆனால் கம்பெனியின் அமைப்பு உங்களைக் கட்டி வைத்திருக்கிறது. லைன் சிலமுறை அறுந்தால் மறுமுனைக் கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோய்விடும். பிறகு யாரும் அதைத் திரும்ப ஏற்றுவதில்லை. சில சமயம் பழைய திட்டத்தின் வேக அளவே மாற்றப்படாமல் கிடக்கும். போன் செய்து, அடையக்கூடிய வேகம் இவ்வளவு, புரொஃபைலை, அதாவது லைனுக்கு வைத்திருக்கும் வேக அமைப்பை, மாற்றிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்கு ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்’ என்ற பதில் வருவது குறைவு.

இரண்டுமே 45க்குள் இருந்தால்தான் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பழைய கொன்டோக்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான், டெக்னிஷியன்கள் அதிகம் கவனிக்காததும் இதுதான்.

தொலைபேசிக் காலத்தில் கட்டிய வீடுகளில் கூடத்தில் ஒரு சாக்கெட், பெரிய படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று வைத்திருப்பார்கள். மூன்றும் ஒரே ஜோடிக் கம்பியில் கிளை பிரித்துப் போட்டவை. தொலைபேசிக்கு அது போதும். விடிஎஸ்எல்லுக்கு விஷம். ஒன்றும் செருகப்படாமல் வெறுமனே முடியும் கிளைக் கம்பிக்குள் சிக்னல் போய், முனையில் மோதித் திரும்பி வருகிறது. கிளையின் நீளம் எந்த அலையின் நீளத்தில் கால்பங்கோ, அந்த அதிர்வெண்ணில் திரும்பி வருவது மூலச் சிக்னலை அப்படியே அழித்துவிடும். கம்பியில் சிக்னல் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 10 மீட்டர்க் கிளை என்றால் 5 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம், 15 இல் இன்னொன்று. இரண்டும் விடிஎஸ்எல்லின் 17.6க்குள் விழுகின்றன. பழைய ஏடிஎஸ்எல் 2.2க்கு மேல் போகாததால் இதே கிளை அதற்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. ‘முன்பு இதே சாக்கெட்டில் நன்றாகத்தான் ஓடியது’ என்று வீட்டுக்காரர்கள் சொல்வதும் உண்மை, இப்போது ஓடாததும் உண்மை.

கெப்போங்கில் ஒரு வீட்டில் சமையலறைச் சாக்கெட்டின் மூடியைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, திருகில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. அந்தச் சாக்கெட்டில் பல வருடமாக யாரும் எதையும் செருகவில்லை. வாசல் பக்கத்துப் பெட்டியில் அந்தக் கிளையின் இரண்டு கம்பிகளையும் கழற்றி டேப் சுற்றிவிட்டு மோடத்தை மறுபடி இணைத்ததும் வேகம் இருமடங்குக்கு மேல் ஏறியது. செலவு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்காரர் அதற்கு முன்பு மோடத்தை மாற்றியிருந்தார், திட்டத்தை உயர்த்தியிருந்தார், கம்பெனியை மாற்றும் பாரத்தையும் நிரப்பி வைத்திருந்தார்.

அதனால் வீட்டில் கம்பி நுழையும் முதல் சாக்கெட் எது என்று கண்டுபிடியுங்கள். மோடத்தை அங்கே செருகுங்கள். மற்றக் கிளைகளைக் கழற்றச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருப்பது உங்கள் கம்பி, டெக்னிஷியனைக் கேட்டால் சில நிமிட வேலை. சாக்கெட்டிலிருந்து மோடத்துக்குப் போகும் தட்டையான நீள வயர் இருந்தால் அதையும் தூக்கிப்போடுங்கள், முறுக்கிய குட்டையான வயர் வாங்கிப் போடுங்கள். டிஎஸ்எல் கம்பிகள் ஜோடியாக முறுக்கப்படுவதே வெளி இரைச்சல் ஏறாமலிருக்கத்தான். தட்டை வயரில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

எல்லாம் செய்தும் இணைப்பு வேகம் ஏறவில்லை என்றால் மிச்சம் இருப்பது ரைசர். அங்கே உங்கள் ஜோடியும் பக்கத்து வீடுகளின் ஜோடிகளும் ஒரே கேபிளுக்குள் ஒட்டிக்கொண்டு ஏறுகின்றன. கூட்டமான மாமாக் கடையில் எதிரே இருப்பவர் பேசுவது பக்கத்து மேசைப் பேச்சில் அமுங்குவதைப்போல, பக்கத்து வீட்டுக்காரர்களின் விடிஎஸ்எல் சிக்னல் உங்கள் ஜோடிக்குள் கசியும். எத்தனை வீடு சேர்கிறதோ அத்தனை இரைச்சல். எஸ்என்ஆர் மார்ஜின் காலையில் 9, 10 என்று இருந்து இரவில் 6க்குக் கீழே இறங்குகிறதா என்று உங்கள் தாளைப் பாருங்கள். பெரும்பாலான லைன்களை 6 டெசிபெல் மிச்சம் வைத்துத்தான் இணைப்பார்கள். அதற்கும் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து வரும். வெக்டரிங் என்ற முறையில் இந்தக் கசிவை டெலிகோம் பெட்டியே கணித்துக் கழித்துவிடலாம், ஆனால் அதற்கு எல்லா ஜோடிகளும் ஒரே கம்பெனியின் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், பெட்டியும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று: ரைசரில் வேறு காலி ஜோடிக்கு மாற்றிக் கொடுங்கள் என்பது. பல கட்டடங்களில் வீட்டுக்கு இரண்டு ஜோடி போட்டிருப்பார்கள்.

இனி கம்பெனி விஷயம். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் குறிப்புகளைப் படித்துவிட்டு நம்மவர்கள் பலர் குழம்புவது இதில்தான். பிரிட்டனில் ஒரே செம்புக் கம்பியை வேறு கம்பெனிகள் வாடகைக்கு எடுத்து, எக்ஸ்சேஞ்சில் தங்கள் சொந்தக் கருவியை வைத்தார்கள். அதனால் அங்கே கம்பெனி மாறினால் இணைப்பு வேகமே மாறக்கூடும். இங்கே அந்த ஏற்பாடு வேரூன்றவில்லை. தீபகற்ப மலேசியாவில் செம்புக் கம்பி என்றால் தெலிகோம் மலேசியா. 2001இல் அவர்களின் டிஎஸ்எல் சேவையான ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது அந்தக் கம்பியில்தான். 2008இல் அரசாங்கத்தோடு அதிவேக அகன்ற அலைவரிசைக்கு ஒப்பந்தம் போட்டு, 2010 மார்ச்சில் அவர்களின் ஃபைபர் சேவையான யூனிஃபை வந்தபோது தரைவீடுகளுக்கு நேரே ஃபைபர் இழுத்தார்கள். பழைய மாடிக் கட்டடங்கள் பலவற்றில் ஃபைபரைக் கீழேயே நிறுத்தி, ரைசரில் இருந்த செம்பில் விடிஎஸ்எல்லை ஓட்டினார்கள். உங்கள் கட்டடம் அந்த வகை.

மெக்சிஸ் முதலிய மற்றக் கம்பெனிகள் பல இடங்களில் தெலிகோமின் அதே வலைப்பின்னலை மொத்தமாக வாங்கித்தான் விற்கின்றன. தெலிகோம் வலைப்பின்னலில் ஓடும் ரௌட்டரின் அமைப்புக்குள் போனால் இது கண்ணுக்கே தெரியும்: யூனிஃபை இணையத்துக்கு விலேன் எண் 500, மெக்சிஸுக்கு 621. உள்ளே வரும் கம்பி அதே, பெட்டி அதே. எண் மட்டும் வேறு, அந்த எண்ணைப் பார்த்து உங்கள் போக்குவரத்தை எந்தக் கம்பெனியின் கையில் கொடுப்பது என்று முடிவாகிறது. 2018இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் மொத்த விலைக்கு வரம்பு கட்டிய பிறகு மாதக் கட்டணம் நன்றாகவே குறைந்தது, நல்ல காரியம். ஆனால் விலைக்கு விதித்த வரம்பு ரைசரில் இருக்கும் செம்பை மாற்றாது. உங்கள் தாளில் இணைப்பு வேகமே 45 என்று இருந்தால், அதே செம்பில் ஓடும் வேறு கம்பெனிக்கு மாறினாலும் அதே 45தான்.

இணைப்பு வேகம் சரி, இரவில்தான் விழுகிறது என்றால் மாறும் முன் இன்னொரு சோதனை செய்யுங்கள். ஸ்பீட் டெஸ்டை கோலாலம்பூர்ச் சர்வரில் ஒருமுறை, சிங்கப்பூரில் ஒருமுறை, சென்னையிலோ லண்டனிலோ ஒருமுறை ஓட்டுங்கள். கோலாலம்பூரில் முழு வேகம் வந்து வெளிநாட்டில் மட்டும் விழுந்தால் கம்பெனியின் வெளிநாட்டு வழி நெருக்கடியில் இருக்கிறது, அல்லது கடலடிக் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. மெர்சிங்கில் கரையேறும் ஆசியா அமெரிக்கா கேபிள் அறுந்த காலங்களில் எல்லோரும் இதை அனுபவித்தோம். இந்த இடத்தில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் நிஜமாகவே உண்டு. ஆளாளுக்கு வேறு வேறு கேபிள், வேறு வேறு உடன்பாடு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேறு கம்பெனி, அவருக்கு இரவில் நன்றாக ஓடுகிறது என்றால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். அவர் வீட்டுக்கு வருவது செம்பா ஃபைபரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

பினாங்குக்காரர்கள் சிலர், எங்கள் ஊரில் கடலடிக் கேபிள் கரையேறுகிறதே, எங்களுக்கு வேகம் கூட வேண்டாமா என்பார்கள். பினாங்கில் கேபிள்கள் கரையேறுவது உண்மை. ஆனால் அந்தக் கேபிளிலிருந்து நேராக யார் வீட்டுக்கும் கிளை பிரிவதில்லை. ஆயர் ஈத்தாமில் இருந்தாலும் பாலேக் பூலாவில் இருந்தாலும் கடைசி சில நூறு மீட்டர்தான் வீட்டின் விதியைத் தீர்மானிக்கிறது.

என் அபிப்பிராயத்தில் உங்களுக்கு நிரந்தரத் தீர்வு வீட்டுக்குள் வரும் ஃபைபர். வீடுகளுக்குப் போடும் ஜிபோன் முறை ஃபைபர் 20 கிலோமீட்டர் வரை போகும்படி வகுக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் நூறு மீட்டரில் இருப்பவருக்கும் பத்துக் கிலோமீட்டரில் இருப்பவருக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. டைம் கம்பெனி பெரும்பாலும் மாடிக் கட்டடங்களைக் குறிவைத்து வீடு வரை ஃபைபரையே இழுக்கிறது. தெலிகோமும் விடிஎஸ்எல் கட்டடங்கள் பலவற்றை ஃபைபருக்கு மாற்றிவருகிறது. ஆகவே விற்பனையாளர் கதவைத் தட்டும்போது ‘எவ்வளவு எம்பிபிஎஸ்’ என்று கேட்பதற்கு முன்னால், என் சுவருக்குள் வருவது ஃபைபரா பழைய தொலைபேசிக் கம்பியா என்று கேளுங்கள். கட்டடத்துக்கு ஃபைபர் உண்டு என்று சொல்லி மழுப்பினால் விடாதீர்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, கட்டடத்துக்கு ஃபைபர் இப்போதும் இருக்கிறது.

இதில் தனியாக நின்றால் வேலை நடக்காது. ரைசரில் புதுக் கேபிள் இழுக்கக் கட்டட நிர்வாகத்தின், அதாவது ஜேஎம்பியின் அனுமதி வேண்டும். ஒரு வீட்டுக்காகக் கம்பெனி வராது, நாற்பது வீடு கேட்டால் வரும். உங்கள் மாடியின் வாட்சப் குழுவில் எல்லோரும் மோடம் எண்களை எழுதிப் போடுங்கள். பலருக்கும் இணைப்பு வேகம் குறைவு என்று தெரிந்தால் அதை எடுத்துக்கொண்டு ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள்.

அப்பா வீட்டைப் பொறுத்தவரை, அங்கே செம்பைச் சீர்செய்யச் சொல்லி அலைய வேண்டாம். அந்தக் கம்பிகளைத் தெலிகோமே கைவிட்டு வருகிறது. தாமானுக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்று ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் முகவரித் தேடலில் வீட்டு எண்ணோடு போட்டுப் பாருங்கள், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம். வரவில்லை என்றால் கம்பியில்லா வீட்டு இணையம்தான் வழி. அதை எடுக்கும் முன் அந்தக் கம்பெனியின் சிம்மைக் கைப்பேசியில் போட்டு, அப்பா உட்காரும் கூடத்தில், இரவு 9 மணிக்கு ஒரு சோதனை ஓட்டுங்கள். தோட்டப்பக்கம் கோபுரம் ஒன்றே ஒன்று என்றால் பகலில் வரும் வேகம் இரவில் வராது.

எதை முடிவு செய்தாலும் பழைய ஒப்பந்தம் எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். பெரும்பாலும் 24 மாதம் கட்டியிருப்பார்கள், முன்னதாக விட்டால் தண்டம் உண்டு. புகார் செய்வதானால் முதலில் கம்பெனியிடமே செய்து புகார் எண்ணை வாங்கி, காலை இரவு எண்கள் எழுதிய தாளைப் படம் பிடித்து இணையுங்கள். தீரவில்லை என்றால் அதே எண்ணோடு ஆணையத்தின் புகார்ப் பக்கத்துக்குப் போகலாம். புது லைன் வீட்டுக்குள் வந்து, கேபிளில் சோதித்து, ஓர் இரவாவது ஓட்டிப் பார்த்த பிறகுதான் பழையதை வெட்டச் சொல்லுங்கள்.